பட்டத்துக்கும் பணிக்கும் நடுவே: மென்பொருள் துறையில் முதல் வேலையின் வரலாறு

கலைக் கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் நாம் இலக்கிய மாணவர்களுக்கு மட்டும் பாடம் நடத்துவதில்லை. பகுதி ஒன்று தமிழ் என்னும் பெயரில் கணினி அறிவியல் மாணவர்களும் கணினிப் பயன்பாட்டியல் மாணவர்களும் நம் முன்னே அமர்கிறார்கள். நற்றிணையும் சிலம்பும் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பிள்ளைகளின் மனம் மூன்றாம் ஆண்டில் வரவிருக்கும் வளாக நேர்முகத் தேர்வைச் சுற்றிக்கொண்டிருப்பதை நாம் அறிவோம். அவர்களுள் பலர் தத்தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பட்டம் பெற்ற நாளுக்கும் முதல் சம்பளம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே அவர்கள் கடக்கவேண்டிய காலம் ஒன்று உண்டு. சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல். அந்த இடைக்காலத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்திய மென்பொருள் துறையின் வரலாறு பெரும்பாலும் நிறுவனர்களின் வாழ்க்கைக் கதையாகவோ ஏற்றுமதிக் கணக்காகவோ எழுதப்பட்டிருக்கிறது. நாம் கேட்க விரும்பும் கேள்வி அவற்றினும் சிறியது. கல்லூரியில் கற்றதற்கும் வேலைக்கு வேண்டியதற்கும் இடையே எக்காலத்திலும் ஒரு தொலைவு இருந்துவந்துள்ளது. அத்தொலைவைக் கடத்திவிடும் செலவை எந்தக் காலத்தில் யார் ஏற்றார்கள்? அரசா, நிறுவனமா, மாணவனின் வீடா? இதற்கான விடை காலந்தோறும் மாறியிருக்கிறது. யார் உள்ளே போகலாம், யார் வாசலில் நிற்கவேண்டும் என்பதையும் அந்த மாற்றமே முடிவு செய்திருக்கிறது என்பது நம் கருத்து.

1

தொடக்கத்தை 1794ஆம் ஆண்டில் வைத்துக்கொள்ளலாம். இன்று கிண்டிப் பொறியியல் கல்லூரி எனப்படும் நிறுவனம் அவ்வாண்டில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் சென்னைக் கோட்டைக்கருகே எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பிடித்த நிலத்தை அளக்க ஆட்கள் வேண்டும். சீமையிலிருந்து வரவழைத்தால் செலவு மிகும். எனவே இங்குள்ள சிறுவர்களைப் பிடித்துப் பயிற்றுவித்தார்கள். படிப்பும் பணியும் அங்கே இருவேறாக இருக்கவில்லை. சங்கிலி பிடித்து அளந்துகொண்டே அளவையைக் கற்றார்கள்.

பின்னர் 1859இல் அது சிவில் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தபோதும் இவ்வுறவு பெரிதும் மாறவில்லை. கல்லூரியை நடத்தியதும் அரசு, அதில் தேறியவர்களைப் பொதுப்பணித் துறைக்கு எடுத்துக்கொண்டதும் அரசு. பாலம், அணை, சாலை என அரசு எதைக் கட்ட நினைத்ததோ அதையே கல்லூரி கற்பித்தது. அந்த அரசு யாருக்காக உழைத்தது என்பது வேறு வழக்கு. கற்பிப்பவனும் வேலை தருபவனும் ஒருவனாக இருந்தால் நடுவில் இடைவெளி விழுவதில்லை என்பதையே இங்கே குறித்துக்கொள்கிறோம். கணினி வந்தபோது இந்த இணைப்பு முறிந்தது.

2

இந்தியாவுக்குக் கணினி வந்தது 1955இல், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 இயந்திரம் 1963இல் வந்து சேர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 இயந்திரம் ஜெர்மனியின் உதவியோடு 1973இல் நிறுவப்பட்டது. இவ்வளவு பெரிய நாட்டில் கணினியைத் தொட்டுப் பார்த்த மாணவர்களின் தொகை அக்காலத்தில் எவ்வளவு சிறிதாக இருந்திருக்கும் என்பதை இந்த ஆண்டுகளே காட்டிவிடும். தொட்டவர்களுக்கும் நேரடித் தொடர்பு அரிது. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிச் சன்னல் வழியே கொடுத்துவிட்டு, அச்சாகி வரும் தாளுக்காகக் காத்திருக்கவேண்டும். ஓர் எழுத்து பிழைத்தால் மறுபடியும் வரிசை.

கான்பூரில் ஈரோட்டில் பிறந்த வைத்தீஸ்வரன் ராஜாராமன் முதலியோர் ஆற்றிய பணியை இங்கே நினைவுகூர்தல் தகும். தம் மாணவர்களோடு நில்லாமல், பிற கல்லூரி ஆசிரியர்களையும் ஆய்வுக்கூடத்தாரையும் அழைத்து, சில நாட்களில் நிரல் எழுதக் கற்பிக்கும் குறுகிய காலப் பயிற்சிகளை அவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். ராஜாராமன் எழுதிய நிரலாக்கப் பாடநூல்கள், கணினியே இல்லாத கல்லூரிகளில்கூட ஒரு தலைமுறைக்குக் கணினியாக இருந்தன எனலாம்.

டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968இல் தோன்றியது. மின்பொறியாளரான எஃப்.சி. கோலி 1969இல் அதன் பொறுப்புக்கு வந்தார். அமெரிக்காவின் பரோஸ் நிறுவனத்தோடு 1974இல் ஏற்பட்ட தொடர்பு அதன் ஏற்றுமதிக்கு வழிவகுத்தது. கணினியை இறக்குமதி செய்ய நூறு விழுக்காட்டுக்கும் மேல் வரி கட்டவேண்டியிருந்த காலம் அது. வாங்கிய இயந்திரத்துக்கு ஈடாக மென்பொருளை எழுதி ஏற்றுமதி செய்யவேண்டும் என்பது அரசின் நிபந்தனை. இந்நிலையில் வேலைக்கு வருகிறவன் ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவனாக இருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. மின்பொறியியல், இயந்திரவியல், இயற்பியல், கணிதம் எதைப் படித்திருந்தாலும் உள்ளே எடுத்துக் கணினியின்முன் உட்காரவைத்துக் கற்பித்தார்கள். பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் தலைவரான எஸ். ராமதுரை 1972இல் அங்கே பயிற்சிப் பொறியாளராகவே சேர்ந்தார்.

எனவே முதற்கட்டத்தில் கடத்திவிடும் செலவு நிறுவனத்தினுடையது. ஆயினும் அந்த வாசல் மிகக் குறுகியது. ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் என விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். ஆங்கில வழியில் கற்று, தந்தையும் படித்திருந்த வீடுகளின் பிள்ளைகள் அவர்களுள் பலர். வாசல் தாராளமாகத் திறந்திருந்தது, ஆனால் அதுவரை வரும் பாதை சிலருக்கே தெரிந்திருந்தது.

3

இரண்டாம் கட்டத்தை 1980களில் தொடங்கலாம். இங்கே மூன்று நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன.

முதலாவது, எம்.சி.ஏ. என்னும் படிப்பு. கணினி ஆட்கள் வருங்காலத்தில் பெருந்தொகையாகத் தேவைப்படுவர் என்று கண்ட ராஜாராமன் தலைமையிலான குழு, பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பொன்றைப் பரிந்துரைத்தது. 1980களின் முற்பகுதியில் அது நடைமுறைக்கு வந்தது. பி.எஸ்ஸி. கணிதமோ இயற்பியலோ படித்த சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இது திறந்த கதவு பெரிது. நாமக்கல்லை அடுத்த மோகனூரில் அரசுப் பள்ளியில் பயின்று, கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. முடித்து, திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எம்.சி.ஏ. படித்த என். சந்திரசேகரன் 1987இல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்தார். 2009இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியும் 2017இல் டாடா சன்ஸ் தலைவரும் ஆனார். இதைத் தனிமனித வெற்றிக் கதையாகச் சொல்வதே வழக்கம். நாம் வேறொன்றைக் கவனிக்க விரும்புகிறோம். எம்.சி.ஏ. படிப்பின் இறுதிப் பருவம் முழுவதும் ஒரு நிறுவனத்துக்குப் போய்ச் செய்யும் திட்டப்பணிக்கென ஒதுக்கப்படுவது வழக்கமாயிற்று. கடந்து செல்லவேண்டிய அந்த ஆறு மாதம் படிப்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. நம் கல்வி வரலாற்றில் இது எளிதாக மறக்கப்பட்ட ஏற்பாடு.

இரண்டாவது, தனியார் கணினிப் பயிற்சி நிலையங்கள். என்.ஐ.ஐ.டி. 1981இலும் ஆப்டெக் 1986இலும் தோன்றின. கல்லூரிகளில் கணினிகள் போதாமல் இருந்தபோது, மாவட்டத் தலைநகரின் கடைத்தெரு மாடியில் குளிரூட்டிய அறையில் பத்துக் கணினிகளை வைத்துக்கொண்டு அவை அமர்ந்தன. மாலை நேரத்தில் பட்டப்படிப்போடு சேர்த்து ஒரு டிப்ளமோ என்பது நடுத்தர வீடுகளின் புதிய கடமையாயிற்று. கல்லூரிக் கட்டணத்துக்கு மேல் இந்தக் கட்டணம். அதாவது, கடத்திவிடும் செலவு நிறுவனத்திடமிருந்து நழுவி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது இந்தக் காலத்தில்தான்.

மூன்றாவது, சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் தமிழ்நாட்டில் இவற்றுக்கு வழிதிறக்கப்பட்டது. அதே 1984ஆம் ஆண்டு நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு வெளியிட்ட கணினிக் கொள்கை இறக்குமதி வரியைக் குறைத்தது. 1991இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கான அமைப்பு உருவாயிற்று. 1994இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனமும் சத்யமும் சேர்ந்து சென்னையில் தொடங்கிய கூட்டு முயற்சியே பின்னர் காக்னிசன்ட் என வளர்ந்தது.

பத்தாண்டின் இறுதியில் இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கல் வந்தது. ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதிவைத்த பழைய கோபால் நிரல்களைத் திருத்த ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. அமெரிக்கா எச்-1பி விசாவின் ஆண்டு வரம்பை 65,000இலிருந்து முதலில் 1,15,000ஆகவும் பின்னர் 1,95,000ஆகவும் உயர்த்தியது. ஐதராபாத்தின் அமீர்பேட்டையில் தெருவெங்கும் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. எந்தப் பட்டம் என்று எவரும் கேட்கவில்லை. மூன்று மாதப் பயிற்சி, ஒரு விமானச் சீட்டு. 2001இல் அமெரிக்காவின் இணைய நிறுவனங்கள் சரிந்தபோது அத்தெருக்களில் பணம் கட்டிவிட்டு நின்றவர்களின் நட்டத்தை எவரும் பகிர்ந்துகொள்ளவில்லை. வீடு ஏற்ற செலவுக்கு வீடே பொறுப்பு.

4

2000 சூலையில் சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலையின் உப்பளங்களுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் இடையே கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2001இல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் இணைக்கப்பட்டன. 2010களின் தொடக்கத்தில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. மூன்றாம் கட்டம் இதுதான். பெருந்தொகை ஆள்சேர்ப்பின் காலம்.

வளாக நேர்முகத் தேர்வு என்னும் சடங்கு இக்காலத்தில் முழுவடிவம் பெற்றது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் அறுபது விழுக்காடு, நிலுவைத் தாள் கூடாது என்பது நுழைவாயில். பிறகு திறனறித் தேர்வு, குழு உரையாடல், தொழில்நுட்ப நேர்காணல், கடைசியாக மனிதவள நேர்காணல். ஏழாம் பருவத்தில் வேலைக் கடிதம் கைக்கு வந்துவிடும். சேரும் நாள் பின்னர் அறிவிக்கப்படும். சிவில் படித்தவரும் இயந்திரவியல் படித்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். நிறுவனங்களுக்கு வேண்டியிருந்தது கற்றுக்கொள்ளக்கூடிய மனம். கற்பிப்பதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். மைசூரில் இன்ஃபோசிஸ் எழுப்பிய பயிற்சி வளாகத்தில் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் தங்கிப் படிக்கலாம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் டி.சி.எஸ். தன் புதியவர்களுக்குப் பயிற்சியளித்தது. விப்ரோ 1995இலேயே, பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் பட்டம் பெறவைக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

இதை நாம் நேர்மையாகப் பாராட்டவேண்டும். சம்பளம் கொடுத்து நான்கைந்து மாதம் பாடம் நடத்திய நிறுவனங்கள், நம் பல்கலைக்கழகங்கள் செய்யத் தவறியதைச் செய்தன. தமிழ்வழியில் படித்து, சொந்த ஊரை விட்டு முதன்முதலாக வெளியேறிய பல்லாயிரம் பெண்களும் ஆண்களும் அந்த வளாகங்களின் வழியே நடுத்தர வாழ்வுக்குள் வந்தார்கள். மாநிலத்தின் கொள்கைகளும் இதற்குத் துணைநின்றன. பொறியியல் நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து கைவிடப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. ஓட்டு வீடு காங்கிரீட் வீடானது, தங்கையின் படிப்பு நின்றுபோகாமல் தொடர்ந்தது, வட்டிக்காரர் வருவது நின்றது. சமூக வரலாற்றில் இவையெல்லாம் சிறிய செய்திகள் அல்ல.

ஆனால் இந்தத் தாராளம் சந்தையின் தாராளம். 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கடிதம் கொடுத்தவர்கள் சேரும் நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 2009 சனவரியில் சத்யத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்டது. ஊரெல்லாம் சொல்லிவிட்ட வேலை வரவில்லை என்றால் அந்தப் பையன் தெருவில் நடப்பது எப்படி? அவன் கல்லூரியை விட்டு வெளியேறிவிட்டான், நிறுவனத்துக்குள் நுழையவில்லை. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, பிற நிலங்கள் வறண்டு அமைவதே பாலை என்று நம் மரபு கருதுகிறது. இவனுடைய இடைக்காலமும் அத்தகையது. கல்லூரியின் கணக்கிலும் அது இல்லை, நிறுவனத்தின் கணக்கிலும் இல்லை. அதற்குப் பொறுப்பாளர் என்று எவரும் இல்லாததால் அதன் வெப்பம் முழுவதும் வீட்டின்மீது இறங்கியது.

5

நான்காம் கட்டம் ஓசையில்லாமல் வந்தது. 2000களின் பிற்பகுதியில் பெருநிறுவனங்களில் புதியவரின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்று லட்ச ரூபாயைச் சுற்றி இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும், பெருந்தொகையாக எடுக்கப்படுவோருக்கு அது மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நின்றது. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது. ஆக, முதல் சம்பளத்தின் உண்மை மதிப்பு பாதிக்கும் கீழே போயிற்று. இதற்கான காரணம் வெளிப்படை. கல்லூரிகள் ஐந்நூறு, வரிசை நீளம். வாங்குபவர் விலை சொல்லும் சந்தை.

சம்பளம் நின்ற இடத்தில் நிற்க, எதிர்பார்ப்பு மட்டும் ஏறியது. முன்பு சேர்ந்தபின் கற்பித்ததை இப்போது சேர்வதற்குமுன் கற்றுவரச் சொன்னார்கள். 2018இல் டி.சி.எஸ். நாடு முழுவதற்குமான தகுதித் தேர்வை அறிமுகப்படுத்தியது. ஒரே நிறுவனத்தில் ஒரே நாளில் சேர்பவர்களுக்குத் தேர்வின் தரத்துக்கேற்ப இரண்டு, மூன்று சம்பள அடுக்குகள் வந்தன. நிரலாக்கப் போட்டிகள், சேர்வதற்கு முந்திய இணையவழிப் பாடங்கள், சம்பளமில்லாத அல்லது சொற்பத் தொகைக்கான உள்ளகப் பயிற்சிகள் எனப் படிகள் கூடின. இவற்றுக்கெல்லாம் தயார் செய்யும் பயிற்சி நிலையங்கள் மறுபடியும் தலையெடுத்தன. 1990களின் கோபாலுக்குப் பதிலாக ஃபுல் ஸ்டாக், டேட்டா சயின்ஸ். பெயர்கள்தாம் புதியவை. செலவு பழையபடி வீட்டின் கணக்கில்.

சேர்ந்தபின்னும் உறுதியில்லை. 2025 பிப்ரவரியில் மைசூர்ப் பயிற்சி வளாகத்திலிருந்து, மூன்று முறை எழுதியும் உள்தேர்வில் தேறாத முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. அவர்களுள் பலர் வேலைக் கடிதம் பெற்று இரண்டாண்டுக்கு மேல் காத்திருந்து சேர்ந்தவர்கள். டி.சி.எஸ். 2004இல் பங்குச் சந்தைக்கு வந்தபின் முதன்முறையாக, 2023–24 நிதியாண்டில் அதன் பணியாளர் தொகை ஆண்டுக் கணக்கில் குறைந்தது. குறைவு 13,249 பேர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதற்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. சிறு பிழைகளைத் திருத்துவது, சோதனை நிரல் எழுதுவது, ஆவணப்படுத்துவது ஆகியவை புதியவர்களின் முதல் ஈராண்டுப் பணி. தச்சுப்பட்டறையில் இழைப்புளி பிடிக்கப் பழகுவதைப் போன்றது அது. அந்தப் பணியையே இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், நாளைய மூத்த பொறியாளர் எங்கே கை பழகுவார்? நிறுவனங்கள் இக்கேள்வியைத் தள்ளிவைக்கலாம். கல்லூரிகள் தள்ளிவைக்க முடியாது.

6

இந்த நான்கு கட்டங்களிலும் மாறாமல் நின்ற ஒன்றைத் தமிழாசிரியர்களாகிய நாம் சொல்லியாகவேண்டும். அது ஆங்கிலம்.

2005இல் மெக்கின்சி நிறுவனத்தின் ஆய்வொன்று, இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் கால் பங்கினரே பன்னாட்டு நிறுவனப் பணிக்கு ஏற்றவர்கள் என்றது. அந்தக் கால் பங்கு அதன்பின் ஆயிரம் மேடைகளில் ஓதப்பட்டது. மனிதவள அதிகாரிகளிடம் கேட்டுத் திரட்டிய கருத்தே அதன் அடிப்படை என்பது மேடைகளில் சொல்லப்படவில்லை. அவர்கள் குறையாகக் கண்டவற்றுள் மொழியும் பழகும் முறையும் முக்கியமானவை. மாணவனின் தர்க்கம் பழுதின்றி இருந்தும், அதை அந்நிய மொழியில் இரண்டு நிமிடத்தில் சொல்ல இயலாமல் குழு உரையாடலில் வெளியேறியதை நம் கல்லூரிகள் ஆண்டுதோறும் கண்டிருக்கின்றன. வகுப்பில் ஒரு சிக்கலைத் தமிழில் கேட்டால் தெளிவாகப் பிரித்து வைக்கும் மாணவி, நேர்காணலில் தன்னைப் பற்றிச் சொல்லும்படி கேட்டதும் மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களுக்குப் பின் நின்றுவிடுகிறாள். உலகச் சந்தைக்கு எழுதப்படும் மென்பொருளுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயின் ஆங்கிலப் பேச்சு என்பது பெரும்பாலும் வீடும் பள்ளியும் கொடுத்த சொத்து. அதைத் திறன் என்ற பெயரில் அளக்கும்போது நாம் அளப்பது பிறந்த வீட்டை.

நம் படைப்பாளிகள் இத்துறையை அறவே தொடாமல் விட்டுவிடவில்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா, கணினியைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தார். உறைந்துபோன கணினியை மீட்கும் மூன்று விசைகளைத் தலைப்பாகக் கொண்ட இரா. முருகனின் ‘மூன்று விரல்’ மென்பொருள்காரர்களின் உலகை நாவலாக்கியது. ராம் இயக்கிய ‘கற்றது தமிழ்’ 2007இல் வெளிவந்து, தமிழ் முதுகலை படித்தவனுக்கும் மென்பொருள் சம்பளக்காரனுக்கும் இடையே விழுந்த பிளவைக் கோபத்தோடு பேசியது. நம்மைப் போன்றோர்க்கு அந்தப் படம் வலித்தது உண்மை. ஆனால் அந்தச் சம்பளக்காரனும் அதே ஊரின், அதே அரசுப் பள்ளியின் பிள்ளையாக இருக்கக்கூடும் என்பதையும் நினைக்கவேண்டியிருக்கிறது. வேலை கிடைத்தவனின் கதையும் கிடைக்காதவனின் கதையும் வந்துவிட்டன. மேன்சனில் நால்வர் ஓர் அறையில் தங்கி, தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டு, ஊருக்குத் தொலைபேசும்போது மட்டும் குரலைச் சரிசெய்துகொள்ளும் அந்த இடைக்காலத்தவனின் கதைக்குத் தமிழில் இன்னும் இடம் நிறைய இருக்கிறது.

7

முடிவாக, இன்றைய இரண்டு ஏற்பாடுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். சோகோ நிறுவனம், அட்வென்ட்நெட் என்று பெயர் கொண்டிருந்த 2000களின் நடுப்பகுதியிலேயே, பள்ளியும் பாலிடெக்னிக்கும் முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தானே கற்பித்து வேலையில் அமர்த்தும் பள்ளியைத் தொடங்கியது. எச்.சி.எல். நிறுவனம் 2017இல் தொடங்கிய டெக்பீ திட்டமும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையே எடுக்கிறது, ஆனால் பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். முதலதில் கற்கும் காலத்தின் செலவு நிறுவனத்தினுடையது. இரண்டாவதில் அது மாணவன் தலையில் விழுகிறது. எந்தப் புதிய திட்டம் வந்தாலும் அதன் விளம்பரத்தைப் படிக்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடலாம்: கற்கும் காலத்துக்குக் காசு யார் கையிலிருந்து போகிறது?

அரசும் இக்கணக்குக்குள் திரும்பி வந்திருக்கிறது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு சட்டமாயிற்று. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், திறன் பாடங்களைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்தது. கடைத்தெரு மாடியில் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்ததை வகுப்பறைக்குள் இலவசமாக வைப்பது நல்ல தொடக்கம். ஆனால் பாடம் ஒன்றால் மட்டும் இடைக்காலம் கடந்துவிடாது. மெய்யான வேலையில், மூத்தவர் ஒருவரின் அருகில், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கவலையின்றிச் சில மாதங்கள் இருக்கவேண்டும். 1794இன் நில அளவைப் பள்ளி அதைக் கம்பெனியின் தன்னலத்துக்காகச் செய்தது. 1980களின் எம்.சி.ஏ. அதைப் பாடத்திட்டத்தின் இறுதிப் பருவமாகச் செய்தது. 2000களின் பயிற்சி வளாகங்கள் அதைச் சந்தையின் செழிப்பில் செய்தன. ஆக, வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. ஒவ்வொரு வழியையும் ஒருமுறை கண்டுபிடித்து, செலவு உறுத்தியதும் கைவிட்டிருக்கிறோம்.

நம் பி.சி.ஏ., பி.எஸ்ஸி. வகுப்புகளின் ஆறாம் பருவத்தை ஊதியத்தோடு கூடிய பணிப் பயிற்சியாக மாற்றுவதும், அந்த ஊதியத்தில் ஒரு பங்கை ஆள் எடுக்கும் நிறுவனமும் ஒரு பங்கை அரசும் ஏற்பதும் இயலாத செயல்கள் அல்ல. வேலைக் கடிதத்தில் சம்பளத்தை எழுதுவதுபோல் சேரும் நாளையும் எழுதி, அந்நாள் தவறினால் காத்திருக்கும் மாதங்களுக்கு ஒரு தொகை கொடுக்கவேண்டும் என்று கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து கேட்பதும் இயலும். தனித்தனியே நிற்கும் கல்லூரிகள் வளாகத் தேர்வுக்கு நிறுவனங்கள் வந்தாலே போதும் என்று தோரணம் கட்டிக்கொண்டிருக்கும்வரை இது நடக்காது. ஐந்நூறு கல்லூரிகளின் எண்ணிக்கை இதுவரை விலையைக் குறைக்க மட்டுமே பயன்பட்டிருக்கிறது. அதே எண்ணிக்கை ஒருமுறை சேர்ந்து பேசினால் என்ன ஆகும் என்பதை நாம் இன்னும் பார்க்கவில்லை. அதுவரை, பட்டம் வாங்கிய மறுநாள் காலையில் எங்கே போவது என்று நம் முன்னாள் மாணவன் கேட்கும் கேள்விக்கு அவன் வீடுதான் விடை சொல்லிக்கொண்டிருக்கும்.